மழைக்காலத்தில் தரிசாக்கப்பட்ட அக்காவின் உப்பளம்

"பயன்பாடின்றித் தண்ணீர் தேங்கிய தரிசு." நகர விரிவாக்கத்துக்கு என்று எங்கள் அக்காவின் பட்டா உப்பளத்தை எடுத்துக்கொண்ட அரசு, 1975 ஐப்பசியில் ஒட்டிய அறிவிப்பில் அதை இப்படித்தான் குறித்திருந்தது. அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் இந்த வரி வேண்டாமே என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டனர். வேண்டும்.

அக்கா அனுமந்தையில் பிறந்து மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா இளவயதில் இறந்தபின், இரண்டு பெண்களையும் அந்த அளத்தை வைத்தே ஆளாக்கினார். கூலியாட்கள் கஞ்சி குடிக்குமுன் தாம் குடித்ததில்லை.

மழை பிடித்துவிட்டால் நம் பக்கத்தில் யாரும் அளத்துக்குப் போவதில்லை. பொங்கல் கழித்துத் தண்ணீரை இறைத்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகே உப்பு. அந்த ஆளில்லாத மாதத்தில் வந்து பார்வையிட்டு, கொட்டகைச் சுவரில் அறிவிப்பை ஒட்டிப் போயிருக்கிறார்கள். தை மாதம் பாத்தி மிதிக்கப் போன அக்கா கண்டது, மழையில் ஊறித் தொங்கிய தாளை. ஆட்சேபத்துக்கான கெடு அதற்குள் முடிந்திருந்தது.

அக்கா மனுவோடு அலுவலகத்துக்குப் போனபோது நானும் உடன் போனேன்.

"ஏம்மா, நாங்க வந்தப்போ வெறும் தண்ணிதான் நின்னுது. உப்பு எங்க இருந்துது?" என்றார் எழுத்தர்.

"மழையில வந்து உப்பத் தேடுனா எப்டி சார்? சித்திரையில வாங்க, கண்ணு கூசும்," என்றார் அக்கா.

"ஆட்சேபண இருந்தா அப்பவே சொல்லியிருக்கணும்."

"யார்கிட்ட? அந்த செவுத்துகிட்டயா?"

சிலர் சிரித்தனர். மனு தள்ளுபடியானது.

பொது நன்மைக்கு நிலம் எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தைப் படித்துவிட்டே எழுதுகிறேன். உரியவரைக் கேட்டுவிட்டு எடு என்கிறது அது. ஆளில்லாத மாதம் பார்த்து வந்து கேட்பதற்கு எனக்குத் தெரிந்த பெயர் திருட்டு.

செம்மண் கொட்டி அளத்தைத் தூர்த்தார்கள். மனைக்கல் நட்டார்கள். வரும் என்ற பஸ் நிலையமும் வரவில்லை, வீடுகளும் வரவில்லை; முள் முளைத்தது. அக்கா அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்புச் சுமந்தார். "பட்டாக்காரம்மாவே கூலிக்கு வந்துட்டாங்க" என்று சீண்டியவரிடம், "வேல தெரிஞ்சவ வந்தா உனக்கு நல்லதுதானப்பா" என்றாராம். சென்ற வைகாசியில் சுமையோடு வரப்பில் விழுந்தவர் எழவில்லை.

மனு எழுதித் தந்த பங்குத்தந்தைக்கும், வேலையைப் போட்டுவிட்டு அக்காவை வீடுவரை தூக்கிவந்த அளத்துப் பெண்களுக்கும், இறுதித் திருப்பலிக்குக் கிளியனூரிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

திட்டத்தையே கைவிட்டுவிட்டதாக இப்போது சொல்கிறார்கள். அக்கா உப்புச் சுமந்துகொண்டிருந்த நாளிலேயே கைவிட்டார்களா, இறந்த பிறகா என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. இம்மலர் அச்சேறும்வரை இரண்டில் எது என்று உறுதிப்படவில்லை.