பேர் போடாத வெள்ளை டப்பா

வாசலில் அழகு நிலையம் என்று போர்டு மாட்டியிருக்கிறேனே தவிர, இந்தத் தொழிலில் பாதி நேரம் நான் பார்ப்பது அழகுக்காகப் பட்ட புண்ணைத்தான். கருங்குழியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரே ரூம். ஒரு சுழல் நாற்காலி, ஒரு கண்ணாடி, திரைக்குப் பின்னால் என் மகள் தூங்கத் தூளி. அவ்வளவுதான் என் ராஜ்யம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு பெருமூச்சாவது விட்டிருக்கிறீர்கள் இல்லையா? அப்போ நீங்களும் நம்ம கட்சிதான், கேளுங்கள்.

ராணி பூசின ஈயம்

செங்கல்பட்டில் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தபோது டீச்சர் ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் சீமையில் ராணியும் பெரிய வீட்டுப் பெண்களும் வெள்ளை ஈயத்தைக் குழைத்து முகத்தில் பூசுவார்களாம். பூசப் பூசத் தோல் கெட்டுப்போகும். கெட்டதை மறைக்க இன்னும் கனமாகப் பூசுவார்களாம். ஈயம் உள்ளே இறங்கி, முடி கொட்டி, சில பேர் செத்தே போனார்களாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமதி எழுந்து நின்றாள். "அப்போ ராஜா மூஞ்சில இன்னாத்த பூசிகினாரு டீச்சர்?"

பட்டு செக்‌ஷன்

வசந்தி எங்கள் தெருப் பெண். செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. நல்ல கருப்பு, களையான முகம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். மாதா மாதம் புருவம் திருத்த என்னிடம் வருவாள். ஒரு தடவை வந்தபோது முகம் மட்டும் வெளுத்திருந்தது, கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருந்தன. நூலை வைத்து ஒரு இழு இழுத்தேன், தோலே வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிட்டது.

என்னத்தைப் பூசினாய் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தாள். பேர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. கூட வேலை செய்கிற பெண் வாங்கித் தந்தாளாம். "தூக்கிப் போடுடி, தோலைத் தின்னுடும்" என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செவப்பா இருந்தாத்தான் பட்டு செக்‌ஷன்ல நிக்க வெக்கிறாங்கக்கா. அங்க ஏசி. மத்தவங்களுக்கெல்லாம் குடோனு. ஒரு நாளு குடோன்ல நின்னு பாத்துட்டு வந்து சொல்லு."

பெண் பார்த்த அன்று

நான் நச்சரித்ததில் ஒருவழியாக நிறுத்தினாள். நிறுத்தின வாரமே முகம் முழுக்கச் சிவந்து, பொரிந்து, தண்ணீர் பட்டாலே எரிச்சல். அந்த டப்பா அப்படித்தான். பூசினால் ஒரு கெடுதி, விட்டால் ஒன்பது கெடுதி. பொறுத்திருந்தால் மெல்லத் தணியும், டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அதற்குள் மாமல்லபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று போன் வந்துவிட்டது. மாப்பிள்ளை டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், சொந்த வண்டி. இவள் மறுபடி டப்பாவைத் திறந்துவிட்டாள்.

அலங்காரத்துக்கு நான்தான் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோவ வுட நேர்ல நல்லா செவப்பா கீதே பொண்ணு" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார். எல்லாரும் போனபின் வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நான் எப்டிக்கா நிறுத்தறது? அவங்க பாத்தது இந்த மூஞ்சியத்தான்."

கறுத்த மருதாணி

மருதாணி எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்குப் புருஷன் பாசமாக இருப்பான் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. நான் இலை அரைத்துத் தயாராக எடுத்துப் போயிருந்தேன். வசந்தியின் நாத்தனார் அதை ஒதுக்கிவிட்டு, கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்குக் கையில் டிராகன் வரைகிற கடையிலிருந்து மருதாணிக் கோன் வாங்கி வந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் மை மாதிரி கறுத்துவிடும். இலை அப்படியெல்லாம் கறுக்காது, தலைக்குப் போடுகிற டையைக் கலந்திருப்பார்கள் என்றேன். கல்யாண வீட்டில் யார் காதில் விழும்?

முகூர்த்தத்தில் எல்லாரும் கையைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். மறுவீட்டுக்கு வந்தபோது அந்தப் பூவும் கொடியும் கோடு தப்பாமல் கொப்புளமாக எழும்பி நின்றன. சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அவள் சிரித்தாள்: "வுடுக்கா, டிசைன் மட்டும் கலையவே இல்ல பாரு."

என் சரக்கு

என் மகளும் கருப்புதான். பவுடர் டப்பாவை உருட்டிக்கொண்டு கடையிலேயே வளர்கிறாள். ஃபேஷியலுக்குப் படுத்திருந்த ஒரு அம்மா, முகத்தில் பூசிய பேக்குக்குள்ளிருந்து கண்ணை மட்டும் திறந்து, ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "இத்தினி கிரீம வெச்சிகினு பெத்த புள்ளைய இப்டி வுட்டு வெச்சிகீறியேம்மா."

பார்த்த பெண்

வசந்தி முழுகாமல் இருந்தாள். டாக்டரம்மா டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி கிரீமில் பாதரசம்கூடக் கலந்திருப்பார்கள், வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஆகாது, இன்றோடு விட்டுவிடு என்றாராம். நான் அத்தனை கெஞ்சியும் முழுசாக விடாதவள், அன்றே குப்பையில் போட்டாள்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். முகம் பொரிந்தது, வெடித்தது. ஆறின இடமெல்லாம் கறுத்துத் திட்டுத் திட்டானது. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்தது. வெயிலில் கால் வைத்தால் நெருப்பாய் எரியும். மாமல்லபுரத்தில் வெயிலுக்கு எங்கே ஒளிவது? வளைகாப்புக்கு நான்தான் அலங்காரம். அந்த முகத்தில் நான் எதையும் பூசவில்லை, பூ மட்டும் வைத்தேன். மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். கத்தவில்லை, திட்டவில்லை. "நாங்க பாத்த பொண்ணு இது இல்லியே" என்றார்.

மடியில் இருந்த முகம்

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பெண் குழந்தை. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தார்கள், கூட்டிப் போகத்தான் வரவில்லை. புருஷனுக்குப் போன் பண்ணினால் வேன் சவாரியில் இருக்கிறேன் என்று பதில் வருகிறதாம்.

போன வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவள், சட்டென்று நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடிக்கு முதுகு காட்டிக்கொண்டாள். குழந்தையை என்னிடம் நீட்டினாள். நல்ல கருப்பு. என் மகள் தூளியிலிருந்து இறங்கி வந்து ஏதோ கோணங்கி பண்ண, அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது.

நான் அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்தேன். வசந்தி சொன்னாள்: "என் மூஞ்சிய எடுத்துகினு பொறந்துகீதுக்கா. பழைய மூஞ்சி. இவ்ளோ நல்லாவா இருந்தேன் நானு?"

என் கடை அலமாரியில் முகத்தை மாற்றித் தருகிற டப்பா எத்தனையோ இருக்கிறது, இருந்த முகத்தைத் திருப்பித் தருகிற டப்பாவைத்தான் எந்தக் கம்பெனிக்காரனும் இன்னும் போடவில்லை.