அணையடி ஊற்று

உச்சந்தலையில் அந்தத் தண்ணீர் விழுந்த நொடியில் பல் கிட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலிலும் அப்படியொரு குளிர், அடியில் கிடக்கும் மணலை எண்ணிவிடலாம் போன்ற தெளிவு. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மஸ்கட் மாமாவின் மண் அணைக்கு அடியில், கரையின் சரிவிலிருந்தே அது வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை 'ஊற்று' என்றோம். அது என்னவென்று தெரிந்த பிறகு, அந்தக் குளிரை நினைத்தாலே எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது.

மாமா எங்களுக்கு உறவெல்லாம் இல்லை. வளைகுடாவிலிருந்து திரும்பியதால் ஊருக்கே 'மஸ்கட் மாமா'. சிதறால் மலைக்கு மேற்கே இருந்த அவருடைய ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு 'தோடு' ஓடியது. ஓடைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். ஒரு கோடை விடுமுறையில் ஜேசிபியைக் கொண்டுவந்து அதை மண்ணால் மறித்துவிட்டார். கீழே வாழைக்குத் தண்ணீர், மேலே குளத்தில் மீன், அவ்வளவுதான் அவர் கணக்கு. பிடுங்கிப்போட்ட பழைய ரப்பர் மூடுகளை, வேரோடு கிடந்த அடிமரங்களை, எங்கே தள்ளுவது என்று வண்டிக்காரர் கேட்க, "உள்ள போட்டு மூடும் ஓய், மண்ணுக்கும் ஒரு எலும்பு வேண்டாமா" என்றார் மாமா. நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நனைத்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வண்டி மேலே ஏறி இறங்கியதே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

மர எலும்பு உளுத்து, உள்ளே பொந்தாகிப்போகும் அல்லவா? மூன்றாவது வருடம் கரையின் அடியில் ஒரு ஈரம் கண்டது; ஈரம் கசிவாகி, கசிவு ஒழுக்காகிவிட்டது. முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு ராஜம் அக்கா. அணை வந்த ராசியில் பூமி கண் திறந்துவிட்டது என்று சொல்லி, தன் வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சிய பிவிசி குழாயை அந்தத் துளைக்குள் முழங்கை ஆழத்துக்குச் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் வைத்துப் பூசினார். யாரோ ஒரு துவைகல் கொண்டுவந்து போட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் குழாயின் மேல் ஒரு செம்பருத்திப் பூவும் இருக்கும். எண்ணிப் பாருங்கள், ஒரு அணையின் புண்ணில் குழாய் மாட்டி, பூவும் வைத்துக் குளித்திருக்கிறோம்!

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மிச்சத் தண்ணீர் வழிந்து போக அணையின் ஓரத்தில் விட்டிருந்த 'மறுகால்' வாயை, மீன் தப்பிவிடும் என்று மணல் மூட்டைகளால் அடைத்து, மேலே வலையும் கட்டியிருந்தார் மாமா. கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வேண்டிய மீன். குளம் கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் தம்பியைத் தொட்டிலில் உறங்க வைத்துவிட்டு, என் பள்ளிச் சட்டையை அலசக் குழாயடிக்கு வந்தாள் அம்மா. அலச அலசச் சட்டை செம்மண் நிறத்தில் சிவந்தது.

"ஏட்டி ராஜம், மேல நின்னு வெள்ளத்தக் கலக்காதட்டீ," என்று தலை நிமிராமலே கத்தினாள்.

"நான் உனக்க பக்கத்துலதானே நிக்கேன். எனக்கு என்ன, ரெண்டு உடம்பா?" என்றார் ராஜம் அக்கா.

கலக்குகிறவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க இரண்டு பேரும் கரையேற, நானும் பின்னால் ஓடினேன். மேலே ஒருவரும் இல்லை. கரையின் நடுவில் ஒரு உரல் இறங்கும் அளவுக்கு மண் உள்வாங்கியிருந்தது. அதற்கு நேரே குளத்தில் தண்ணீர் ஒரு சுழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ராஜம் அக்கா தலையில் கை வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சத்தம் கேட்டு மாமா குடையோடு வந்தார். கொஞ்சம் மண் வெட்டிப் போட்டால் சரியாகிவிடும், இப்போது மறுகாலைத் திறந்தால் மீன் அத்தனையும் தோட்டோடு போய்விடும் என்று இழுத்தார். அம்மா குரலைக் கூட உயர்த்தவில்லை.

"அண்ணே, மீன் போனா மறுவருசம் வரும். எனக்க பிள்ள கீழ தொட்டில்ல கெடக்கான்."

மாமா அம்மாவைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், குடையைக் கீழே போட்டார். வலையை அறுத்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தெறிந்து, மறுகால் வாயை மம்பட்டியால் இன்னும் ஆழமாக வெட்டியது அவரேதான். நான் அதற்குள் கீழே ஓடி, தம்பியைத் தொட்டில் துணியோடு வாரிக்கொண்டு மேட்டு ரோட்டில் போய் நின்றேன். மதியத்துக்குள் குளம் பாதிக்குமேல் வற்றியது. அதன் பிறகுதான் கரையின் நடுப்பாகம், ஒரு வாய் திறப்பதுபோல, சத்தமே இல்லாமல் விழுந்தது. மிச்சமிருந்த தண்ணீருக்கே வாழை முழுவதும் படுத்தது; எங்கள் அடுக்களைச் சுவரில் இடுப்பளவுக்குச் சேறு; தொட்டில் தொங்கிய உத்தரத்துக்கு அடியில் ராஜம் அக்காவின் ஆட்டுக்கூடு வந்து கிடந்தது. குளம் நிறைய இருந்தபோதே அது விழுந்திருந்தால்? இதற்கு மேல் என் மனம் இன்றுவரை போக மறுக்கிறது.

பின்னால் பொறியியல் வகுப்பில், மண் அணை கசிவது பெரிதல்ல, கசிவு கலங்கி வந்தால் அணை உள்ளிருந்து கரைகிறது என்று பேராசிரியர் சொன்னபோது, என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. ஊருக்கு வந்ததும் ராஜம் அக்காவிடம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டு மக்கா, ஆனா மஸ்கட்காரன் அந்த நல்ல ஊத்தக் கெடுத்துப்போட்டான்" என்றார்.

இப்போது அணையும் இல்லை, குளமும் இல்லை. இரண்டு பக்கமும் செம்மண் மேடு, நடுவில் இளம் ரப்பர், பழையபடி தோடு. என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட தம்பியிடம் அந்த இடத்தைக் காட்டினால், "இந்தத் தோடா? சும்மா இரு, அக்கா" என்று சிரித்து, ஒரே எட்டில் தாண்டிப் போகிறான். நான் மட்டும் நின்று, மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறேன்.