உனக்கு மட்டும் என்று வாங்கிய அரை நாள்

துணிக்கடையில் நிற்கிறவளுக்குக் கால் முதலில் போகும், தொண்டை அடுத்துப் போகும். கோபம் மட்டும் கடைசிவரை கூடவே இருக்கும். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைத்த உங்களுக்கு இது புதிதல்ல. சாயங்காலம் வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவர்கள்தானே நீங்களும்.

நான் சிம்பாங் பூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பால் மரம் சீவத் தெரியும், சண்டை போடத் தெரியும். இரண்டில் ஈப்போ டவுனில் விலைபோனது இரண்டாவதுதான். ஒரு புடவைக் கடையில் சேர்ந்து ஐந்தாறு வருஷத்தில், ‘சரசுவிடம் விலை பேசி ஜெயிக்க முடியாது’ என்று பெயர் எடுத்துவிட்டேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். ஒரே மூச்சில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போணிக்கு முன்னால்

எழுபதுகளின் கடைசியில் என் மகன் பிறந்தான். இரண்டு மாத லீவு முடிந்தது. தோட்டத்தில் என்றால் ஆயாக்கொட்டகை உண்டு. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மாக்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். ஈப்போவில் நான் குடியிருந்த சிலிபினில் எனக்கு இருந்தது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான். அவளுக்கு மூன்று மணிக்கு ஃபேக்டரி ஷிப்ட். “ரெண்டரை வரைக்கும் பாத்துக்கறேன், அதுக்கு மேல ஆகாது” என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் இரண்டு மணிக்கு நான் கடையை விட்டு இறங்கியாக வேண்டும்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பயம். காலையில் முதலில் வருகிறவர் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்பார். நஷ்டத்துக்காவது ஒரு கைக்குட்டையை விற்றுத்தான் அனுப்புவார். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு அவர் திரும்பியபோது நான் வாங்குகிறவர்கள் நிற்கிற பக்கம் போய் நின்றேன். “முதலாளி, இன்னைக்கு முதல் போணி நான்தான். பன்னிரண்டு மணி வரைக்கும் வேலைக்கு வாரேன். அதைக் கொடுங்க” என்றேன். இரண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டில் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வழக்கம்போல ஏழு என்றார். நான் பன்னிரண்டரை என்றேன். அவர் ஐந்துக்கு இறங்கினார். “வேணாம், விடுங்க” என்று வாசல்வரை நடந்தேன். நம்மிடம் எத்தனை பேர் அப்படி நடந்து காட்டியிருக்கிறார்கள். “ஏய் சரசு, இங்க வா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மணி இரண்டு, சம்பளம் பாதி என்று முடிந்தது.

முடித்த பிறகு, நாங்கள் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வார்த்தையை என்னிடமே சொன்னார். “உனக்கு மட்டும்தான் இது. வெளியே சொல்லாதே. யாராச்சும் கேட்டா டாக்டர் லெட்டர் கொடுத்தாருன்னு சொல்லிக்க.”

உள்ளுக்குள்ள

அடுத்த கவுண்டர் பிலோமினா. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்துப் பெண். அதே ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு ஈப்போ வந்தவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், அதட்டிப் பேசத் தெரியாதவள். இரண்டு மணிக்கு மேல் என் கவுண்டரையும் சேர்த்து அவள்தான் ஓடி ஓடிப் பார்க்க வேண்டும். முதல் நாளே கேட்டாள். டாக்டர் லெட்டர் என்றேன். “என்னக்கா செய்யுது?” என்றாள். அடிவயிற்றைத் தொட்டு, “உள்ளுக்குள்ள” என்றேன். மேலே கேட்கக் கூடாத விஷயம் என்று அவளாக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து புடவைப் பண்டலைத் தூக்க அவள் என்னை விடவில்லை. முருங்கைக்கீரை சூப் டப்பாவில் வரும். அன்றைக்குக் காலையில் அரிசி மூட்டையை நானே தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்திருப்பேன். கடையில் அவள் பண்டலோடு ஏணி ஏறுவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு திங்கட்கிழமை பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். “நேத்து மாதா கோயில்ல உங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தினேன்க்கா. இனிமே வாராவாரம் ஏத்தலாம்னு இருக்கேன். இப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் பரவால்லையா?”

ஒரே புடவை, ரெண்டு பேர்

அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு பெண்கள் ஒன்றாகக் கடைக்குள் வந்தார்கள். ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு. இருவர் கையிலும் ஒரே ஊதா நிறப் புடவை, ஒரே விலை. இருவரிடமும் விற்றவள் நான். இருவரிடமும் குரலைத் தாழ்த்தி, இது உங்களுக்கு மட்டும், வெளியே சொல்லாதீங்க என்றிருந்தேன். அவர்களும் ஒரு வாரம் சொல்லாமல்தான் இருந்தார்கள். கொடியில் காயப்போட்டபோது மாட்டிக்கொண்டேன்.

என் வாய் அடைத்துப்போனதைக் கடையில் அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அப்போது ஆறு மாசக் கர்ப்பமாயிருந்த பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இருவரில் மூத்தவள் புடவையை மேசைமேல் விரித்துப் போட்டுக் கேட்டாள்: “எனக்கு மட்டும்னீங்க, இவளுக்கும் மட்டும்னீங்க. உங்க கடையில இந்த ‘மட்டும்’ மொத்தம் எத்தனை கஜம் இருக்கு அக்கா?”

டாக்டர் பேர்

பிலோமினா பெண் குழந்தை பெற்று, லீவு முடிந்து வந்தாள். அவளுக்கும் அரை நாள் வேண்டும். புருஷன் லாரியில் வெளியூர் போகிறவர். பகலெல்லாம் பார்க்க ஆளில்லை. அரை நாள் கிடைக்காவிட்டால் குழந்தையை பாகான் டத்தோவில் மாமியாரிடம் விட வேண்டியதுதான். முதலாளியிடம் கேட்டாள். சரசு மாதிரி லெட்டர் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

பாவம், நம்பிக்கொண்டு கைக்குழந்தையோடு இரண்டு கிளினிக்கில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நல்லா இருக்கியே, உனக்கு எதுக்கு லெட்டர் என்று இரண்டு இடத்திலும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் என்னிடம் வந்தாள். நெஞ்சில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை தாங்கவில்லை. மடித்த புடவை ஒன்றை மாரோடு அணைத்து மறைத்துக்கொண்டு, எந்த டாக்டர் என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்குத் தப்பு என் பக்கம் இருந்தால்தான் சத்தம் அதிகம் வரும். “என் உடம்புக்கு என்னான்னு ஊரெல்லாம் தெரியணுமா? அவங்கவங்க வேலையப் பாரு” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன். சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். “சரிக்கா, கோவிச்சுக்காதீங்க. டாக்டர் பேரு மட்டும் சொல்லுங்க, நான் போய் நிக்கிறேன்.”

அவர் சொன்ன விலை

பேர் சொல்லவில்லை. அன்று மாலை கடைக்குத் திரும்ப வந்து முதலாளியைப் பிடித்தேன். “அவளுக்கும் கொடுங்க. காலையில நான் நிக்கிறேன், மத்தியானம் அவ நிக்கட்டும்” என்றேன். “ரெண்டு கவுண்டருக்கு ஒரு ஆளா?” என்றார். மேசையைத் தட்டினேன், குரலை உயர்த்தினேன். அவர் அசையவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார். “அரை நாள் இந்தக் கடையில ஒண்ணுதான் இருக்கு. நீ முழு நாள் வா, அதை அவளுக்குத் தரேன். இப்பப் பேசு சரசு.”

மெழுகுவத்தி

நான் பேசவில்லை. யோசிச்சுச் சொல்றேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வீண். அந்தச் சமயம் எனக்கு அரை நாள் தேவையே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஃபேக்டரியை விட்டு வீட்டோடு இருந்தாள். என் மகன் நடக்கிறான், சாயங்காலம் வரை அவளிடமே விளையாடுவான். நான்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேன் போட்டுப் படுக்கப் பழகியிருந்தேன்.

பிலோமினாவின் குழந்தை பாகான் டத்தோ போனது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்று விடியற்காலை பஸ் ஏறி, பார்த்துவிட்டு இருட்டுக்கு முன் திரும்புவாள். மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு திங்கட்கிழமை, பிள்ளை எப்படி இருக்கு என்றேன். “நல்லா இருக்கு. நான் தூக்கினா அழுவுது. மாமி கிட்டக் கொடுத்தா நிறுத்திடுது” என்றாள். ரவிக்கைக்குள் கைக்குட்டை இல்லை. அதற்கு வேலை முடிந்துபோயிருந்தது.

மறுநாள் ஊதுபத்தி வாசனை அடங்குமுன் வாங்குகிற பக்கம் போய் நின்றேன். “முழு நாள் வாரேன். அதை அவளுக்குக் கொடுங்க” என்றேன். முதலாளி, நான் அடுத்து ஏதோ கேட்கப் போகிறேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. “சரி” என்றார்.

பிறகு பிலோமினாவிடம் போனேன். டாக்டர் இல்லை, லெட்டர் இல்லை, உள்ளுக்குள் ஒன்றும் இல்லை, முதலாளி கேட்டபோது வாய் திறக்கவும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பேன். அவள் கையிலிருந்த புடவையை ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்து, நீவி, அடுக்கில் வைத்தாள். அப்புறம் கேட்டாள். “அப்ப நான் ஏத்தின மெழுகுவத்தியெல்லாம் யாருக்குக்கா போச்சு?”

ஊரெல்லாம் என்னைக் கெட்டிக்கார வியாபாரி என்றது, நானும் என் வாழ்நாளில் மலிவாக வாங்கிய சரக்கு அந்த அரை நாள்தான் என்பேன், விலையை பிலோமினாவின் கையால் கொடுக்க வைத்தேனே.