இன்ஜின் நிற்காத நாள்

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ‘ரேஸ்’. சின்னவர்களுக்கு ‘ரேஸ் அக்கா’. பார்க்கும் வேலை எக்ஸ்ரே எடுப்பது. வேலைக்கு வந்து இறங்குவது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கில். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகிற பெண், தலையில் ஹெல்மெட், தோளில் சாப்பாட்டுப் பை, கீழே தோட்டா கணக்காகப் பாய்கிற வண்டி. பார்க்கிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? ‘பயம்னா என்னன்னே தெரியாத பொம்பளை’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. வலிய வந்த பட்டத்தை யார்தான் வேண்டாமென்பார்கள்?

உண்மை வேறு. ஒரு நாளைக்கு எத்தனை பைக் கேஸ் பார்க்கிறாள்! மணிக்கட்டு, காறை எலும்பு, முழங்காலுக்குக் கீழே இரண்டாக மூன்றாக. மற்றவர்களுக்கு விபத்து என்பது தெருவில் கூடுகிற கூட்டம். அவளுக்கு அது திரையில் வெள்ளையாகத் தெரியும் எலும்பு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. எந்த வேகத்தில் விழுந்தால் எது உடையும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அப்படிப்பட்டவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கோடு கண் முன்னால் வரும். பயத்தை முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பின்னே ஏன் அந்த வண்டி? ஆசை. அதற்கு மேல் காரணம் கேட்டால் அவளிடமும் கிடையாது. கல்யாணம் நிச்சயமான யாரோ ஒரு பையன், மாமனார் மிரட்டினார் என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்ட வண்டி அது. வாங்கிய கையோடு அவன் மாட்டியிருந்த அலறுகிற சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய சைலன்சரையே மாட்டினாள். குழந்தைகள் வார்டு ஜன்னலுக்குக் கீழேதான் அவள் வண்டி நிறுத்துமிடம். குனிந்து குனிந்து ஓட்டி முதுகு போனதால் ஹாண்டில்பாரை உயர்த்தினாள். சீட்டில் கூடுதலாக ஒரு பஞ்சு வைத்துத் தைத்தாள். ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சம்சாரி ஆக்கிவிட்டாய் என்று கணவர் சிரித்தார்.

கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். சாது. அவள் வண்டியை அவரும் எடுப்பார். ஓட்டினால் பக்கத்தில் நடந்து போகிறவர் முந்திக்கொண்டு போய்விடுவார். திருப்பத்தில் வண்டி சாயவே கூடாது அவருக்கு. தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி நிமிர்ந்தே திரும்புவார். “இதுக்கு நீங்க தள்ளிக்கிட்டே போகலாம்” என்று அவள் சொல்லாத நாள் இல்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. சைடு ஸ்டாண்டை எடுக்க அவருக்கு ஞாபகமே இருக்காது. அந்த வண்டியில் ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் தானாக நின்றுவிடும். அது நின்ற பிறகுதான் “ஓ, ஸ்டாண்டா!” என்று காலால் தட்டுவார். ஒவ்வொரு தடவையும் அதே ‘ஓ’.

அந்த வண்டிதான் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்தின் நடுவில் செத்துப்போனது. முன்னால் லாரி, பின்னால் லாரி. எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஓடிக்கொண்டே இருந்த இன்ஜின் சட்டென்று அடங்கிவிட்டது. பின்னால் வந்தவன் அடித்த ஹாரன் அவள் முதுகுத் தண்டில் இறங்கியது. எப்படியோ ஓரம் கட்டினாள். பட்டனை அழுத்தியதும் ஒன்றும் நடக்காத மாதிரி வண்டி ஓடியது. மறுநாள் மறுபடி. ஒரு நாள் விட்டு மறுபடி. பாலம் ஏறும்போதே அவள் ஓரமாக ஒதுங்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மட்டும் ‘என்ன ரேஸ் அக்கா, இன்னிக்கு எத்தனைல வந்தீங்க?’ என்றால் சிரித்து வைப்பாள்.

முதலில் தன் கைவேலை மீதுதான் சந்தேகப்பட்டாள். ஹாண்டில்பாரை உயர்த்தியபோது ஒயரை இழுத்துவிட்டோமோ என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒயரெல்லாம் நன்றாகவே இருந்தது. பெட்ரோல் டேங்க், பிளக், பேட்டரி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒன்று உறைத்தது. பாலத்தில் வேகமாகப் போகும்போது வண்டி சாகவில்லை. பாலத்தின் இணைப்புகளில் ‘டொக்’ என்று ஏறி இறங்கும்போதுதான் சாகிறது. வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டாண்டை மடக்கி, கிளட்ச்சைப் பிடித்துக் கியரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவரை விட்டு அவருடைய மர அளவுகோலால் கீழே இருக்கிற பாகங்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னாள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அது கீழே இருந்தால் இன்ஜினை நிறுத்துகிற குட்டி ஸ்விட்சைத் தட்டியதும் இன்ஜின் நின்றது.

“கண்டுபிடிச்சிட்டோமா?” என்றார் அவர், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

புது ஸ்விட்ச் வர நாளாகும் என்றான் மெக்கானிக். “எல்லாரும் செய்றதுதான் அக்கா. ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்டுருங்க. ஸ்டாண்டு எப்பவும் மேலயே இருக்குன்னு வண்டி நெனச்சுக்கும். அப்புறம் சாகவே சாகாது.” அவளே முறுக்கினாள், அவளே டேப் சுற்றினாள். பாலத்தில் மூன்று முறை போய் வந்தாள். சாகவில்லை. வண்டியில் ஏறினாலே முதல் காரியமாக ஸ்டாண்டை மடக்குகிறவள் அவள். அதனால் அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“சரி பண்ணிட்டேன்” என்று வீட்டில் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவள் ஆஸ்பத்திரி வேனில் வேலைக்குப் போனாள். உடம்பு அலுப்பாக இருந்தது. நடுவழியில் கணவரிடமிருந்து செய்தி வந்தது: பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளியில் தேர்வு மேற்பார்வை, நேர் பஸ் கிடையாது, வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். ‘பாத்துப் போங்க’ என்று பதில் போட்டாள். உண்மையில் சந்தோஷம்கூடப் பட்டாள், தான் சரிசெய்த வண்டி என்று.

எக்ஸ்ரே அறையில் முதலில் வந்தவர் ஒரு தபால்காரர். இடது தோள் தொங்கிப் போயிருந்தது. மேசையில் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் எக்ஸ்ரே தட்டை நகர்த்திக்கொண்டே, “எப்படி விழுந்தீங்க?” என்றாள். எல்லோரிடமும் கேட்பதுதான்.

“என்னத்தச் சொல்றது, வெக்கக்கேடு. ஸ்டாண்ட எடுக்க மறந்துட்டேன். எடது பக்கம் திரும்பினேன், ரோட்டுல குத்திச்சு, தூக்கி அடிச்சிருச்சு.”

அவள் கை அப்படியே நின்றது. கணவர் ‘ஓ’ என்பதே இன்ஜின் நின்ற பிறகுதானே? இன்ஜின் இனி நிற்காதே. நிற்காமல் பண்ணியது யார்?

தபால்காரரின் படம் கலங்கி வந்தது. அவர் அசையவில்லை, இவள்தான் மூச்சை அடக்கச் சொல்ல மறந்திருந்தாள். மறுபடி எடுத்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. அவரை அனுப்பிவிட்டுக் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று அவருக்குச் சட்டம் போட்டவளும் அவள்தான். ஒருவேளை தேர்வறையில் இருப்பார். ஒருவேளை ரோட்டில் கிடப்பார். வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு எத்தனை இடது திருப்பம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்; அந்தத் தெருக்கள் அவளுக்கு மனப்பாடம். பால் பூத், பெட்ரோல் பங்க், பாலம் இறங்கியதும் வரும் அந்தப் பெரிய வளைவு. வளைவில் மணல் வேறு கொட்டிக் கிடக்கும்.

கதவு திறந்தது. வார்டு பையன் தலையை நீட்டினான். “ரேஸ் அக்கா, இன்னொரு பைக் கேஸ் வருது. ஆளு நாப்பத்தஞ்சு இருக்கும். நெனவு இல்ல.”

“சட்டை என்ன கலர்?”

“ஏங்க்கா?”

“என்ன கலர்னு கேட்டேன்!”

அவன் மிரண்டுபோனான். அந்த அறையில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நடைபாதையில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருடைய மனைவிகள் இதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்; ஓரமா நில்லுங்கம்மா என்று சொல்லியிருக்கிறாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. முகம் துணியால் பாதி மூடியிருந்தது. பாதத்தைப் பார்த்தாள். அவர் பாதம் இல்லை. அவள் வாய்விட்டு, “அப்பாடா” என்றாள். கூட வந்திருந்த ஒரு பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு படம் எடுத்தாள்.

போன் அடித்தது; முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? பரீட்சை ஹால்ல இருந்தேன்” என்றார் கணவர். குரலில் சிரிப்பு. “கேட்டா நீ சிரிப்ப. இங்க வந்து நிறுத்தி, ஸ்டாண்டு போடலாம்னு கால நீட்டுறேன், அது ஏற்கெனவே கீழதான் இருக்கு! வீட்லருந்து இது வரைக்கும் அப்படியேதான் வந்திருக்கேன் போல. வண்டி நிக்கவே இல்ல பாரு. நல்லாத்தான் சரி பண்ணியிருக்க.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஹலோ? இருக்கியா?”

“வண்டியத் தொடாதீங்க” என்றாள். “நான் வர்ற வரைக்கும் சாவியக்கூடத் தொடாதீங்க.”

வேலை முடிந்து, ஆஸ்பத்திரி வேன் டிரைவரிடம் கருவிப் பையைக் கடன் வாங்கி, பஸ் பிடித்து, இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தாள். பள்ளி மதிலோரம் வண்டி நின்றது. கணவர் பக்கத்தில், சாவியை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார், தொடாதே என்றதற்காக. இனி ஒரு நிமிடம்கூட அது அப்படி இருக்க அவள் மனம் ஒப்பவில்லை; மண்டியிட்டு டேப்பைப் பிரித்தாள், முறுக்கிய ஒயரைப் பிரித்தாள், பழைய ஸ்விட்சில் மறுபடி மாட்டினாள். மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், தபால்காரரின் தோள் வரை.

அவர் மதிலோரம் உட்கார்ந்தார். “அந்தப் பெரிய வளைவுல நான் கொஞ்சம் சாஞ்சிருந்தேன்னா?”

“நீங்க சாய மாட்டீங்க. அதான் தப்பிச்சீங்க.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டாள். “சரி பண்ணிட்டேன்னு சொன்னதும் என்னைய ஒரு பார்வை பாத்தீங்க. பெருமையா. ஒயர முறுக்கி விட்டேன்னு சொன்னா அந்தப் பார்வை போயிருமேன்னு...”

“அந்தப் பார்வைக்காக நான் போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றார். நகைச்சுவையாகச் சொல்லத்தான் பார்த்தார். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

வண்டியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. இருட்டினால் அங்கே காவல் கிடையாது. அவள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். பாலத்தில் எந்த நிமிடமும் செத்துப்போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஓரமாகவே, அவருடைய வேகத்தில் ஏறினாள். முதல் இணைப்பு தாண்டியது. இரண்டாவதும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ‘டொக்’, இன்ஜின் அடங்கியது. பின்னால் லாரியின் ஹாரன் பாலத்தையே உலுக்கியது. அவர் குதித்து இறங்கி, பின்பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். சாதுவான அந்த மனிதர் தொண்டை கிழிய “ஏய், நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார். லாரி உரசாமல் விலகிப் போனது. அதன் காற்று இருவர் சட்டையையும் படபடக்க வைத்தது.

அதற்குப் பிறகு பட்டனை அழுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. அவள் ஹாண்டில்பாரைப் பிடிக்க, அவர் பின்னாலிருந்து தள்ள, பாலத்தின் சுவரை ஒட்டி நடந்தார்கள். ஒவ்வொரு லாரிக்கும் அவள் தோள் ஒடுங்கியது. எதிரே ஆஸ்பத்திரி வேன் போனது, யாரோ ஜன்னலில் தலையை நீட்டி, “என்ன ரேஸ் அக்கா, தள்ளிக்கிட்டா?” என்று கத்திச் சிரித்தது கேட்டது.

“என்னம்மா, பயமா இருக்கா?” என்றார் கணவர், மூச்சு வாங்க.

இத்தனை வருஷத்தில் யார் கேட்டாலும் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள்.

“ரொம்பப் பயமா இருக்குங்க” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வண்டியைத் தள்ளினாள்.