கைப்பிடிக்குப் பூசிய பவுடர்

என் உயரத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது இல்லாமல் இந்தக் கதை இல்லை. கல்யாணத்தில் மாலை மாற்றும்போது என் வீட்டுக்காரர் குனிந்த குனிப்பைப் பார்த்து, "மாப்பிள்ள என்னமோ தொலைச்சிட்டாரு, தேடிக் குடுங்கலா!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்க, கோயில் மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திரும்பி முறைத்தேன். உயரத்தில் குறைத்த கடவுள் வாயில் கூட்டிக் கொடுத்திருக்கிறான் என்று என் அம்மாவே சொல்வாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கிலிருந்து செம்மண் சடக்கில் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். கல்யாணத்துக்கு முன்பு நானும் பால்மரம் வெட்டியவள்தான். விடியுமுன் எழுவது, கொசுவுக்கும் அட்டைக்கும் ரத்தம் கொடுப்பது, நிரை நிரையாக நடப்பது, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலின், கையை விட்டுப் போகாத நாற்றத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும், சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததும் அந்த நாற்றம் போயிற்று. வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைப்பது என் வேலை. கையில் புதுத் துணியின் கஞ்சி மணம் வந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் விரலை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட ஆரம்பித்தார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடு காலியாகிவிட்டது. ஃபேக்டரிக்குப் போகிற பெண்களில் நான் ஒருத்திதான் மிச்சம். "ஒரு ஆளுக்காக இந்தச் சடக்குல பஸ்ஸ விட முடியாதுலா, தங்கச்சி. மாசக் கடைசி வரைக்கும் வாரேன், அப்புறம் நீ பாத்துக்க" என்று ஃபேக்டரி பஸ்காரர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் ரப்பர் இருந்தது. அங்கே வேலை வாங்கும் மண்டோர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், திரும்பவும் பால்வெட்டுக் கத்தியை எடுக்க வேண்டியதுதான் என்று லயமே எனக்காக முடிவு செய்துவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆனால் அவர் தோட்டத்து ஸ்டோரில், பாலை உறையவைத்து ஷீட் போடும் இடத்தில், மிஷின் பார்ப்பவர். என்னைக் கொண்டுபோய் விட்டு வர நேரம் ஒத்துவராது. நானே ஓட்டலாம் என்று ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. நின்றால் சாய்ந்தேன், சாய்ந்தால் விழுந்தேன். லயத்துக் கால்வாயில் விழுந்து எழுந்த அன்றைக்கு நான் போட்ட கூச்சலுக்கு, கூடவே விழுந்த மோட்டாரே பயந்திருக்கும்.

அவர் எப்போதுமே அதிகம் பேசமாட்டார், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மறுநாள் சாயந்தரம் எதையோ தள்ளிக்கொண்டு வந்தார். தன் நாட்டுக்கே திரும்பிவிட்ட சின்ன துரை தன் பையனுக்காக வாங்கி, பங்களாக் கோழிக்கொட்டாயில் விட்டுப்போன ஜப்பான் குட்டி மோட்டார். கைப்பிடித் தண்டை மடக்கிக் கார் பின்னால் வைத்துக்கொள்ளலாமாம். சக்கரம் தோசைக்கல் அளவு. அந்த அளவிலும் முன்சக்கரம் இல்லை. கோழிகள் வருடக்கணக்காக அதில் அடைந்திருந்ததால் நிறம் என்னவென்று தெரியவில்லை. ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி அதன் பதிவுக் கார்டைத் தேடிக் கொடுத்து, "மோட்டார எடுத்துக்க, கோழிய மட்டும் விட்டுட்டுப் போ" என்றாராம்.

"ஏறி உக்காரு" என்றார். கட்டைமேல் நிறுத்தியிருந்த அந்த எச்ச மூட்டையில் பழைய சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. "எட்டுது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

கார்புரேட்டருக்குள் கோழி இறகு. அதைக் கழுவிப் பார்த்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பீடோர் போனார். அங்கே கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர் இதே இன்ஜினைக் கழற்றித் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார், அது ரிப்பேராகிக் கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கார்புரேட்டரோடும் ஒரு பை கொய்யாவோடும் வந்தார். பெட்ரோல் டாங்கிக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை உதிர்த்தது நான். ஒரு வாரம் என் தோள்பட்டை எனக்குச் சொந்தமாக இல்லை.

முன்சக்கரம்தான் எங்கும் கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு மோட்டார்க் கடையின் சீன முதலாளி, தவுக்கே, எங்கள் வண்டியின் அளவைக் கேட்டுவிட்டு, "அது மோட்டார் இல்லலா, பிள்ளைங்க வெளையாடுறது" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "நாங்க வெளையாடத்தான் கேக்குறோம், இருந்தா குடுங்க" என்றேன். அவரிடம் இல்லை. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி, பசியும் கோபமுமாக மார்க்கெட் பக்கம் வந்தோம். சோயாப் பால் விற்கும் ஒரு சீன அம்மாவின் தள்ளுவண்டியருகே நின்றோம். இவர் பாலைக் குடித்தார். எனக்குக் கண் கீழேதான் போகும், அது என் உயரத்தின் லாபம். பார்த்தால், தள்ளுவண்டியின் சக்கரங்களில் ஒன்றின் நடுவில் பிரேக் டிரம், நாங்கள் தேடிய அதே தோசைக்கல் சக்கரம்.

"என்னங்க, குனிங்க" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு கீழே குனிந்து அன்றுதான் பார்த்தேன். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்.

அந்த அம்மா லேசில் தரவில்லை. தன் வண்டி இத்தனை வருடம் ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் ஓடியது அந்தச் சக்கரத்தால்தானாம். எனக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் நானும், அந்த அம்மாவுக்குத் தெரிந்த மலாயில் அந்த அம்மாவும் கத்திக்கொண்டோம். கடைசியில், இரண்டு பக்கமும் புதுச் சக்கரம் போட்டு, பால் சிந்துகிறதா என்று அவரே தள்ளிப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் மல்லாந்து படுத்து அந்த வேலையைச் செய்தார். அந்த அம்மா பானை நிறையப் பாலோடு ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றித் தந்தார்.

மிச்சம் இருந்தது கைப்பிடி ரப்பர் மட்டும். எந்த மோட்டார்க் கடையிலும் வாங்கக்கூடிய சாமான். ஆனால் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரப்பர் தோட்டத்துல இருந்துகிட்டு கடையில போய் ரப்பர் வாங்குறதா? நாலு பேரு சிரிக்க மாட்டான்?" என்றார். அளவான மரக்குச்சியை வடிகட்டிய ரப்பர் பாலில் முக்கிக் காயவைத்தார். மறுபடி முக்கினார், மறுபடி காயவைத்தார். கறுப்பு வர விளக்குக் கரியைக் கலந்தார். ஷீட்டோடு ஷீட்டாகப் புகைக்கொட்டாயில் தொங்கவிட்டார். கடைசியில் கத்தி முனையால் பாய்ப் பின்னல் மாதிரிக் கோடு கீறி மாட்டினார். அழகாகத்தான் இருந்தது. சாமி கும்பிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தேன். பழம் நசுங்கவில்லை, அந்தக் குட்டிச் சக்கரம்தான் அதில் ஏறமாட்டாமல் விலகிப் போயிற்று. லைசென் எடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் வண்டியும் ஓடியது.

எனக்கு மத்தியான ஷிப்ட். உச்சி வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினால் கை வரமாட்டேன் என்கிறது. கைப்பிடி இளகி, விரலோடு ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. கடையில் விற்கிற ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்திருப்பார்கள். இவருடையது பச்சை ரப்பர், வெயில் பட்டால் உருகும். பரம்பரையாக ரப்பரில் பிழைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை, ஷீட் போட்டுக் கப்பலேற்றுவதோடு எங்கள் ரப்பர் ஞானம் முடிந்தது. கழுவியும் கரி போகவில்லை. தைத்த முதல் காலரிலேயே என் ஐந்து விரலும் பதிந்தன. இன்னொரு சட்டை இப்படியானால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். விரலை முகர்ந்தேன். எதை விட்டு ஓடிவந்தேனோ, அதே ஒட்டுப்பால் நாற்றம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டு தயாராகிக்கொண்டே வந்தது. வாசலில் அவர் ஸ்டோர்க் கூட்டாளியோடு நின்றிருந்தார். நான் இறங்குமுன்பே கூட்டாளியின் கையைப் பிடித்துக் கைப்பிடிமேல் வைத்து, "தொட்டுப் பாரு மச்சான், நம்ம பால்ல செஞ்சது" என்றார். அவர் தானாக முன்வந்து ஒருவரிடம் பெருமை பேசி நான் கேட்டது அன்றுதான். வெயில் போய் இருட்டியிருந்ததால் அது ஒட்டவும் இல்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் திட்டு அதுதான்.

சப்பாத்தி மாவு கையில் ஒட்டினால் என்ன செய்வோம்? மறுநாள் கோதுமை மாவைத் தடவிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக் கைப்பிடியெல்லாம் களியாயிற்று. அதற்குப் பிறகுதான் முகப்பவுடர். ஷிப்டுக்குக் கிளம்புமுன் வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கின் மறைவில் நின்று, இரண்டு கைப்பிடிக்கும் பவுடர் பூசித் தட்டிவிடுவேன். ஒட்டுவது நின்றது. வாடை மட்டும் கொஞ்சம் இருந்தது. ஃபேக்டரியில் எனக்குப் பெயரே 'பவுடர்' என்றாகிவிட்டது. வேலை நிலைத்தது. "மூஞ்சிக்குப் பூசுறியா, செவுத்துக்குப் பூசுறியா?" என்று வீட்டில் அவர் ஒரு முறை கேட்டார். அடுத்த சம்பளத்தில் பெரிய டப்பாவாக வாங்கி வந்தார். நானும் சமாளித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தில் ரப்பரே இல்லாமல் போயிற்று. ஸ்டோரை மூடினார்கள். ஜெலாப்பாங்கில் சின்னதாக ஒரு வீடு எடுத்தோம். சாமான் கட்டும்போது அவருடைய ஸ்பேனர்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு ஜோடி கைப்பிடி ரப்பர், கடைப் பிளாஸ்டிக் பை பிரிக்காமல், பழுப்பேறிக் கிடந்தது.

"இது எப்ப வாங்குனது?"

"நீ ஓட்டிப் போன மொத வாரம்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இத்தன வருசமா பவுடர் பூசி பூசி, ஊரே என்னப் பாத்து சிரிச்சு... மாட்டித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

"ஒன் கைய அன்னிக்கே பாத்துட்டேன். நீ கத்துனதும் மாட்டலாம்னு வாங்கி வச்சேன்" என்றார். "நீ கத்தலயே."

அவர் என்னைப் பார்க்காமல் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "சோத்துல கல்லு இருந்தா நாலு வீட்டுக்குக் கேக்கும் ஒன் சத்தம். இதுக்கு மட்டும் நீ வாயத் தொறக்கல. மத்தியானம் சோத்துக்கு வாரப்ப, வெறகுக்குப் பின்னால நின்னு நீ பவுடர் போடுறத ஜன்னல்ல பாப்பேன். மாத்த மனசு வரலலா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளம். பேசிய கூச்சம் தாங்காமல், பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை மாட்டக் கத்தியை எடுத்தார்.

"அதுல கை வச்சீங்கன்னா தெரியும்!" என்று போட்ட சத்தம் காலியாகிக் கிடந்த லயம் முழுக்கக் கேட்டிருக்கும். கட்டிய மூட்டையைப் பிரித்துப் பவுடர் டப்பாவை எடுத்தேன். இந்த முறை வாசலிலேயே நின்று பூசினேன். புது வீட்டுக்கு அந்த வண்டியில்தான் போனேன். சாமான் இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது வழக்கம்போல விரலை முகர்ந்து பார்த்தேன். வாடை இருந்தது. இருக்கட்டும் என்று சோற்றைப் பிசைந்தேன்.