லட்டு வாயோடு ஒரு ஸ்டிக்கர்

அந்த ஸ்டிக்கரைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். கிள்ளானில் இருக்கும் என் அக்கா, யாரோ அனுப்பியதென்று அதைக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாள். என் மகளின் முகம். தலையைவிடப் பெரிய கிரீடம், கழுத்தை மூடிய மாலை, யாரோ ஊட்டிய லட்டில் உப்பிய கன்னங்கள். கீழே மலாய் மொழியில் ‘பெரியவளாகிட்டா!’ என்று எழுதியிருந்தது. போன வருடம் அவளுடைய சடங்கில் நான் எடுத்த வீடியோவிலிருந்து வெட்டியது. மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டிச் செய்தோம். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த வீடியோவை இணையத்தில் போட்டவளும் நான்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும் அவள் அன்றும் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை. கிளினிக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சோம்பேறித்தனம் என்று முதல் நாள்தான் திட்டித் தீர்த்திருந்தேன். சமாதானமாகப் போகலாம் என்று போனை நீட்டினேன்.

“இங்க பாரேன், உன் மூஞ்சிய!”

தோசையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“தெரியும்மா. மூணு வாரமா கிளாஸ் குரூப்ல இதுதான் ஓடுது. நான் உள்ள போனாலே எல்லாம் கன்னத்த உப்ப வச்சிக்கிறாங்க.”

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கார்ச் சாவியைத்தான் எடுப்பேன். எடுத்துவிட்டேன். எவன் செய்தான், எவள் செய்தாள், இன்றைக்கு அந்தப் பள்ளியை உண்டு இல்லையென்று ஆக்குகிறேன் பார் என்று வாசல்வரை போனேன். அவள் வந்து என் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வந்து கத்தினா, அதையும் வீடியோ எடுப்பாங்கம்மா.”

அப்படியே நின்றுவிட்டேன். அடேயப்பா! பதினாலு வயது. என் குணம், வகுப்பின் குணம் எல்லாவற்றையும் எடைபோட்டு, மூன்று வாரம் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா போனப் புடுங்குவீங்க, இல்லாட்டி ஸ்கூலுக்கு வருவீங்க” என்றாள். இரண்டும் உண்மை.

சாவியைக் கீழே வைத்தேன். “சரி, நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு.” இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை நான் கேட்டதே இல்லை.

“மொதல்ல நீங்க போட்ட வீடியோவ அழிங்க. அப்புறம் பெரியம்மா, சித்தி எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்க. என் முன்னாடியே பேசுங்க.”

என் வீடியோவை அழித்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். “ஐயோ, பிள்ள அழகாத்தானே இருக்கா லா, இதுக்குப் போயா?” என்றாள் அக்கா. “அழகா இருந்தா மட்டும் போதுமாக்கா? நான் அவள கேக்காம போட்டுட்டேன். என் தப்பு. நீயும் அழிச்சிடு” என்றேன். என் தப்பு என்று நான் சொல்லி அக்கா கேட்டதே கிடையாது.

மறுநாள் பள்ளியின் ஆலோசக ஆசிரியையைப் பார்க்கப் போனோம், நான் வாயைத் திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மலாயில் நிதானமாகப் பேசினாள். மூன்று வாரத்து ஸ்கிரீன்ஷாட்டுகளையும் தேதிவாரியாக எடுத்துக் காட்டினாள். நான் பெற்ற பிள்ளையா இது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்போடு தாமே பேசுவதாக ஆசிரியை சொன்னார். ஸ்டிக்கர் இன்னும் யார் யார் போனில் கிடக்கிறதோ, அது அவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை அவளே சீருடை மாட்டிக்கொண்டு வந்தாள். பள்ளி கேட்டுக்கு அருகே காரை நிறுத்தினேன்.

“உள்ள வரட்டா?”

“வேணாம்மா. நான் உள்ள போற வரைக்கும் இங்கயே இருங்க.”

நீலப் பினாஃபோர், இரட்டைப் பின்னல், முதுகில் பெரிய பை. கன்னத்தை உப்ப வைக்கிற பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நேராக நடந்து போனாள். என்னை அறியாமல் கை போனைத் தூக்கிவிட்டது. பழக்கதோஷம்! அந்த நேரம் பார்த்து அவள் திரும்பினாள். முகம் சுருங்கிவிட்டது.

போனைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் கண்ணாடி வழியே தூக்கிக் காட்டினேன். போலீசிடம் அகப்பட்டவள் மாதிரி.

ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு கன்னத்தையும் நன்றாக உப்ப வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.