குளவிக்கும் கொக்குக்கும் நடுவில் வெர்லீன்

வெர்லீன் டாலிவரின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதே குரல்தான் அவளைச் சர்ச் பாடகர் குழுவிலிருந்து வெளியே அனுப்பியது. "கடவுளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது, மிஸ் வெர்லீன்"னு பாதிரியார் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அப்ப அவரு ஒண்ணும் புகார் சொல்லலியே"ன்னு இவள் அடுத்த ஞாயிறும் போய் நின்றாள். அதற்கடுத்த ஞாயிறு அவளுடைய அங்கியை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

கார் சீட் தைக்கும் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தாள். அங்கே சாப்பாட்டு மணி ரிப்பேரானபோது யாரும் அதைச் சரிசெய்யவே இல்லை, வெர்லீன் இருந்தாளே. தொழிற்சாலையை மூடியதும் நகராட்சி அவளை எங்கள் ஹாலோவே தெரு முனையில் நிறுத்தியது. பள்ளிப் பிள்ளைகளை ரோடு கடத்திவிடும் வேலை. மஞ்சள் சட்டை, கையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. பலகை சும்மா அலங்காரத்துக்கு. அவள் "ஏய், பச்சைக் காரு!" என்று ஒரு சத்தம் போட்டால் டெட்ராய்ட் கிழக்குப் பக்கத்தில் உள்ள பச்சைக் கார்கள் எல்லாம் நின்றுவிடும்.

அந்த முனையில்தான் என்னுடைய துணி துவைக்கும் கடை. காசு போட்டால் ஓடும் மெஷின்கள் இருபத்திரண்டு, அதில் ஓடுவது பத்தொன்பது. கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

வெர்லீன் வேலைக்கு வந்த புதிதில் ஹாலோவே தெருப் பள்ளிக்குப் பிள்ளைகள் வெள்ளம் மாதிரி வருவார்கள். பிறகு ஜனங்கள் புறநகருக்கு மாறினார்கள், வீடுகள் காலியாயின, பள்ளியின் மூன்றாம் மாடியில் புறாக்கள் குடியேறின. ஒரு வசந்தத்தில் நகராட்சி ஆள் வந்து, "இவ்வளவு கம்மிப் பிள்ளைங்களுக்கு ஒரு ஆள் தேவையாம்மா? கோடையோட முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். வெர்லீன் அன்று என் கடையில் உட்கார்ந்து, ஓடாத மெஷினைக் கால் மணி நேரம் திட்டினாள்.

அந்தக் கோடையில்தான் எதிர்ப்பக்கம் இருந்த, மரத்தரையில் பந்து உருட்டி விளையாடும் பழைய பௌலிங் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். 'சில்வர் ஹெரன் அகாடமி' என்று பலகை மாட்டினார்கள். பலகையில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளிக் கொக்கு. சார்ட்டர் பள்ளி. அரசாங்கப் பணம், நடத்துவது தனி ஆட்கள், பெற்றோருக்கு ஃபீஸ் கிடையாது. தெருவில் யாருக்கும் அந்த நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. கொக்குப் பள்ளி என்றார்கள். ஹாலோவே பள்ளியின் விளையாட்டுச் சின்னம் குளவி. ஆக அது குளவிப் பள்ளி ஆகிவிட்டது.

செப்டம்பரில் பாதிப் பிள்ளைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், மீதிப் பாதி அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் ரோடு கடக்க ஆரம்பித்தார்கள். கொக்குப் பள்ளியில் சேர்ந்து பிடிக்காமல் திரும்பி வந்தவர்கள், குளவிப் பள்ளியை விட்டுப் போய் மறுவாரமே டீச்சரை நினைத்து அழுதவர்கள் என்று தினமும் ஒரு புதுக் கூட்டம். வெர்லீனின் வேலை தப்பியது மட்டுமல்ல, மதியமும் வரச் சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லோரும் பள்ளியின் கதியை நினைத்துப் புலம்பும்போது அவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். "டெல்பர்ட், நான் சிரிக்கக் கூடாதுல்ல?" என்று என்னிடம் கேட்டாள். "வாயை மூடிக்கிட்டுச் சிரி" என்றேன். அவளால் முடியாத காரியம் அது.

குளவிப் பள்ளி பிரின்சிபால் கார்லண்ட் பீபிள்ஸ், குட்டையாக, எப்போதும் வியர்த்தபடி இருக்கும் மனிதர். ஒரு காலை அவளுக்குக் காபியும் டோனட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"மிஸ் வெர்லீன், அந்தப் பக்கம் போற பிள்ளைங்களை மட்டும் கொஞ்சம் மெதுவாக் கடத்திவிடலாமே?"

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"ஒரு அரை மணி நேரம். குளிர்ல நின்னா வெறுத்துப்போய் நம்ம பக்கமே வந்துருவாங்க. ஒரு பிள்ளை போனா அது கூடவே பணமும் போகுதும்மா. போன வருஷம் மியூசிக் டீச்சரை அனுப்பிட்டேன். இந்த வருஷம் நானே ட்ரம் அடிக்கிறேன்."

"அந்த ட்ரம் சத்தம் என் காதுலயும் விழுந்துச்சு. அதான் பிள்ளைங்க போகுதுங்க போல" என்றாள் வெர்லீன், டோனட்டைக் கடித்துக்கொண்டே.

கொக்குப் பள்ளியை நடத்திய கெண்ட்ரா விட்லாக் நெட்டையான இளம்பெண். நடையே ஓட்டமாக இருக்கும். அவள் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக் கலர் கழுத்துத் துண்டு, கொக்குப் படம் போட்டது.

"இது உங்களுக்கு, மிஸ் வெர்லீன். வேலை நேரத்துல போட்டுக்கிட்டா எங்களுக்குப் பெருமை."

வெர்லீன் படத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன் கண்ணு, இது ஒத்தைக் கால்ல நிக்குது? இன்னொரு காலை ஊன்ற உங்க ஸ்கூல்ல இடமில்லையா?"

விட்லாக் சிரித்துவிட்டாள். பௌலிங் கூடத்தின் மரத்தரை இன்னும் அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் காலுறையோடு சறுக்கிக்கொண்டே கணக்குப் பாடத்திலிருந்து வாசிப்புப் பாடத்துக்குப் போவார்கள் என்று கேள்வி. அந்த ஒரு காரணத்துக்காகவே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருப்பார்கள்.

இரண்டு பள்ளிகளும் உயிரைக் கொடுத்துத் துரத்தியது ஒரே வீட்டை. லவோண்டா மாப்ரியின் வீடு. ஏழு பிள்ளைகள், அதில் இரண்டு ஜோடி இரட்டை, ஏழும் பள்ளிக்கூட வயசு. அவர்கள் ரோடு கடந்தால் வாத்துக் கூட்டம் போவது போல இருக்கும். லவோண்டா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். என் கடையின் மகாராணி. பரீட்சை மார்க், கம்ப்யூட்டர் லேப் என்று இரண்டு பக்கமும் அவளிடம் விதவிதமாகப் பேசினார்கள். அவள் கணக்கே வேறு.

"கொக்குக்காரங்க அஞ்சு மணி வரைக்கும் பிள்ளைங்களை வெச்சிருக்காங்க டெல்பர்ட். நான் தூங்கலாம். அதுக்காகவே போட்டேன். ஆனா வெள்ளைச் சட்டை! ஏழு பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை! எவன் மூளையில உதிச்சது இது? ஒரு நாள் மதியம் தக்காளிக் குழம்பு ஊத்தி ஸ்பகெட்டி போட்டாங்க. மறுநாளே குளவிக்கு மாத்திட்டேன். அங்க நீலச் சட்டை."

"இப்ப நிம்மதியா?"

"எங்க? மூணு மணிக்கே திருப்பி அனுப்பிடுறாங்களே!"

இப்படிச் செப்டம்பர் முழுக்க அந்த ஏழும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்தன. இரண்டு பள்ளி ஆபீசுக்கும் அவர்கள் யார் கணக்கு என்பது தெளிவாகத் தெரியாது.

அக்டோபர் முதல் புதன்கிழமை மிச்சிகனில் தலை எண்ணும் நாள். அன்று எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ, அதை வைத்துத்தான் வருஷப் பணத்தில் பெரும்பங்கு. அதனால் அன்றைக்குக் காய்ச்சல் வந்த பிள்ளைக்குக்கூட வரவேற்பு பலமாக இருக்கும். குளவிப் பள்ளி வாசலில் பான்கேக் சுட்டார்கள், தீயணைப்பு வண்டியை வரவழைத்தார்கள். கொக்குப் பள்ளி வாசலில் காற்றடைத்த குதிக்கும் கோட்டை, பீட்சா. காலை எட்டு மணிக்குப் பீட்சா.

பிரின்சிபால் பீபிள்ஸ் குளவி வேஷத்தில் வந்தார். கறுப்பும் மஞ்சளும் பட்டை, பின்னால் ஒரு முழ நீளத்துக்கு நுரை ரப்பர் கொடுக்கு. தலைக்கவசத்தில் கண்ணுக்கு விட்ட ஓட்டை அவர் மூக்குக்கு நேரே இருந்தது. எதிர்ப்பக்கம் விட்லாக் கொக்கு. ஏற்கனவே நெட்டை, அதற்கு மேல் கழுத்தும் அலகும். கரண்ட் கம்பியில் இடித்துவிடுமோ என்று நானே பயந்தேன்.

மாப்ரிப் பிள்ளைகள் ஏழும் முனைக்கு வந்து நின்றன. வெர்லீன் பலகையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு நடுவுக்குப் போனாள். பிள்ளைகள் அவள் பின்னால். சரியாக அந்த நேரத்தில் இந்தப் பக்கமிருந்து குளவியும் அந்தப் பக்கமிருந்து கொக்கும் ஓடி வந்தன.

"செல்லங்களா, பான்கேக்! சாக்லேட் சிரப்!" என்றது குளவி, தபால் பெட்டியைப் பார்த்து.

"குதிக்கிற கோட்டை! குதிக்கிற கோட்டை!" என்றது கொக்கு.

"மிஸ் விட்லாக், இவங்க எங்க பிள்ளைங்க!"

"திங்கட்கிழமை எங்ககிட்ட இருந்தாங்க, மிஸ்டர் பீபிள்ஸ்!"

"செவ்வாய்க்கிழமை?"

குளவி கோபமாகத் திரும்பியது. திரும்பியதில் கொடுக்கு சுழன்று வந்து கொக்கின் அலகுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. கொக்கு பின்னால் இழுத்தது. குளவி முன்னால் இழுத்தது. இரண்டும் வட்டமடித்தன. பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் நடைபாதையில் வரிசை கட்டி நின்று, "குளவி! குளவி!", "கொக்கு! கொக்கு!" என்று கத்தினார்கள். குளவிப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் கொக்குக்குக் கத்தினார்கள்.

வெர்லீன் மூச்சை இழுத்தாள். நான் கடைக்குள் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நில்லுங்க ரெண்டு பேரும்!"

பஸ் ஹாரன் நின்றது. ஒரு கார் அலாரம் தானாக அடித்தது.

"வெக்கமா இல்ல? படிச்சவங்க! கொக்கு, நீ அந்தப் பக்கம் பாரு. குளவி, குனி. குனின்னா குனி!" அவள் கொடுக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கொடுக்கு கையோடு வந்துவிட்டது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பேர் இறக்கையையும் பிடித்து, முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது போல நடைபாதைக்குக் கூட்டி வந்தாள். "ரோடு கடக்கும்போது ரெண்டு பக்கமும் பாக்கணும். யாரு சொல்லிக் கொடுக்கிறது உங்களுக்கு?"

அப்போதுதான் பீபிள்ஸ் கேட்டார், "பிள்ளைங்க எங்க?"

ஏழையும் காணோம். ரோட்டில் இல்லை, பான்கேக் பக்கம் இல்லை, கோட்டையில் இல்லை. மணி அடிக்கப்போகிறது. கொக்கும் குளவியும் ஒன்றாகச் சேர்ந்து அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

நான் கதவைத் திறந்து, "இங்க இருக்காங்க" என்றேன். ஏழும் என் மெஷின்கள் மேல் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கையில் பான்கேக், ஒரு கையில் பீட்சாவோடு, கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"ஸாரியா, இன்னைக்கு எந்த ஸ்கூல்னு அம்மா சொன்னாங்க?" என்று வெர்லீன் மூத்தவளைக் கேட்டாள்.

"சொல்லல, மிஸ் வெர்லீன். அம்மா தூங்கிட்டாங்க."

வெர்லீன் என் போனிலிருந்து லவோண்டாவை எழுப்பினாள். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோரும் கேட்டோம்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிள்ளைங்க எந்த ஸ்கூல்?"

நீளமாக ஒரு கொட்டாவி. "என்ன சட்டை போட்டிருக்காங்க?"

"நாலு நீலம், மூணு வெள்ளை."

"பாதிதான் துவைச்சேன். நீலம் அங்க போகட்டும், வெள்ளை இங்க போகட்டும். இனிமே அப்படியே இருக்கட்டும், வருஷம் பூரா. எனக்குத் தூக்கம் வருது."

போன் வைக்கப்பட்டது. பீபிள்ஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடினார், கொடுக்கில்லாமல். விட்லாக் மூன்று பேரோடு ஓடினாள். கதவு நிலையில் அலகு இடித்தது. ஒரு ஜோடி இரட்டையில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ரெண்டு பேருக்கும் அது ரொம்ப நாள் ஆசையாம்.

தீயணைப்பு வீரர்கள் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள், நகராட்சியைத் தவிர. அவர்கள் அதில் பார்த்தது ஆபத்தான ரோட்டை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு முன்னாலேயே எங்கள் முனையில் சிக்னல் விளக்கு வைத்துவிட்டு, வெர்லீனின் மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள்.

அன்று அவள் என் கடையில் உட்கார்ந்து எதையும் திட்டவில்லை. சட்டையை மெஷினில் போட்டு, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுக்கோட குடுத்தா நல்லா இருக்காது" என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

புது விளக்கு சோம்பேறி. பிள்ளை நடு ரோட்டை அடைந்த பிறகுதான் கார்களுக்குச் சிவப்பு காட்டும். முதல் நாளே வெர்லீன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். சம்பளமில்லை, சட்டையில்லை, பலகையில்லை. "ஏய், சாம்பல் வேன்!" அவ்வளவுதான். போலீஸ்காரன் ஒருவன் வந்து, "மேடம், நீங்க இப்ப வேலையில இல்ல" என்றான். "குடிமகள் கத்தக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று அவள் கேட்டதில் அவன் தொப்பி கழன்றுவிட்டதாக லவோண்டா இன்றும் சத்தியம் செய்வாள். நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பீபிள்ஸும் விட்லாக்கும் ஒரே காரில் நகராட்சிக்குப் போனார்கள். அவர் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது, வேறு வழியில்லை. வழியெல்லாம் சண்டையாம். ஆனால் திரும்பும்போது ஒரு முடிவோடு வந்தார்கள்: விளக்கு இருக்கட்டும்; வெர்லீனும் இருக்கட்டும்; சம்பளத்தில் பாதி குளவி, பாதி கொக்கு. செய்தியைச் சொன்னபோது அவள் போட்ட சத்தத்தில் என்னுடைய ஓடாத மெஷின் ஒன்று ஓட ஆரம்பித்தது என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை.

போன வசந்தத்தில் பள்ளி வாரியம் ஒரு கூட்டம் போட்டது. பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள், சார்ட்டர் பள்ளிகள் ஏன் பெருகுகின்றன என்று ஊர் ஜனங்களைக் கேட்க. பெரிய ஆட்கள் படம் போட்டுக் காட்டிப் பேசினார்கள். கடைசியில் தலைவி, "ரெண்டு ஸ்கூலையும் தினம் பாக்கிறவங்க மிஸ் வெர்லீன். அவங்க சொல்லட்டும், எது நல்ல ஸ்கூல்?" என்றார்.

பீபிள்ஸ் வியர்த்தார். விட்லாக் நகத்தைக் கடித்தாள். வெர்லீன் எழுந்து, நீட்டிய மைக்கை மெதுவாகத் தள்ளிவிட்டாள்.

"முதல்ல இந்தக் காரை ரெண்டு வரிசையா நிறுத்துற அப்பா அம்மாமாரைப் பத்திப் பேசணும்" என்று ஆரம்பித்தாள். கார்களை நிறம் நிறமாகச் சொன்னாள், எந்தக் கார் எந்தச் சந்தில் எப்படி மறித்து நின்றது, உள்ளே யார் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தது என்று. ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்தபடி வெளியே நழுவினார்கள். கடைசியில் நான், தலைவி, கூடத்தைப் பெருக்குகிற ஆள் மூன்று பேர்தான் மிச்சம். நல்ல ஸ்கூல் எது என்று அவள் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை என் கடை வாசலில் மூன்று கார்கள் குறுக்கே நின்றன. ஒன்று பீபிள்ஸுடையது.